அம்மியை மேசை மேல் வைக்கச் சொன்ன மாப்பிள்ளை

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளை வீடு தேடி வந்து, "அம்மியை மேசை மேல வெச்சிக்கிடலாமா?" என்று கேட்டார். நான் அப்போது சொன்னதை இங்கே எழுத முடியாது. அடுப்படியில் நின்ற அம்மா காதைப் பொத்திக்கொண்டாள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மூச்சு வாங்கியபின் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டேன்.

"என்ன சொல்லுதீய? அம்மி மேசை மேல இருந்தா நான் காலை எங்க தூக்குறது? பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு இடுப்பு உயரத்துக்குக் காலைத் தூக்க நான் என்ன கழைக்கூத்தா ஆடப் போறேன்?"

"பெரிய மேசை இல்ல, மொழி. முக்காலி மாதிரி ஒண்ணு."

"எதுக்கு?"

அவர் சன்னலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்க்கப் போனவர், ஞாபகம் வந்ததுபோலத் தலையைச் சட்டென்று நிமிர்த்திக்கொண்டார்.

"குனிஞ்சா தலை வலிக்கு" என்றார்.

இவர் பெயர் கோமதிநாயகம். பாளையங்கோட்டையில் அரசாங்கத்து மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என் பெயர் குழல்வாய்மொழி. அவ்வளவு நீளமாக யாரும் கூப்பிடுவதில்லை, மொழி என்றால் போதும். நான் பஸ் டிப்போவில் இருக்கிறேன். ஓட்டுநர் இல்லாத பஸ்கள் நடுரோட்டில் மாட்டைக் கண்டால் கும்பிடு போட்டுவிட்டு நின்றுவிடும். டிப்போவில் உட்கார்ந்தபடியே அவற்றைச் சமாதானப்படுத்திக் கிளப்பிவிடுவது என் வேலை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு இந்த மாட்டுக் கதையைச் சொன்னபோது நாயகம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு அவரை அன்றைக்கே பிடித்துப்போயிற்று. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

"எத்தனை நாளா இந்த வலி?" என்று கேட்டேன்.

"ஆச்சு கொஞ்ச நாள். குனிஞ்சா நெத்திப்பொட்டுல ஆரம்பிச்சு கண்ணுக்குப் பின்னால வந்து நிக்கும். நிமிர்ந்தா போயிரும். போன்ல போட்டுப் பார்த்தேன்."

போனில் போட்டுப் பார்த்தேன் என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. அதில் சளி என்று போட்டிருக்கும், கண்ணாடி மாற்றணும் என்று போட்டிருக்கும், தூக்கம் பத்தாது என்று போட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே, கடைசியில், மூளைக்கட்டி என்று ஒரு வரி இருக்கும். இந்த மனுஷன் கீழேயிருந்து மேலே படிக்கிற ரகம்.

"மண் எடுக்கவும் குனியுறது இல்லியா?"

"நீளக் கரண்டி ஒண்ணு செஞ்சு வாங்கிட்டேன். கழுத்தை நேரா வெச்சு உக்காந்து எடுத்திருவேன்." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொழி, கோவப்படாத. கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன? எனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டுன்னா உன்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போன மாதிரி ஆயிரும்லா?"

அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அம்மா காதிலிருந்து கையை எப்போது எடுத்தாளோ தெரியவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. முப்பத்து நாலு வயதில் ஒரு வழியாக மனசுக்குப் பிடித்த ஓர் ஆள் கிடைத்திருக்கிறான், அவனும் தலைவலியைச் சாக்குச் சொல்லி நழுவப் பார்க்கிறான் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் சாக்கு இல்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தார். என்னை நினைத்தும் பயந்திருந்தார்.

முப்பத்து நாலு வயது வரைக்கும் எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் இப்போது ஜாதகம் பார்க்கிறவர்கள் குறைவு, எல்லாரும் நகல்தான் பார்க்கிறார்கள். மணிக்கட்டில் எல்லாரும் கட்டியிருக்கிற பட்டை, நாடித்துடிப்பிலிருந்து நாம் எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தோம் என்பதுவரை பதிந்து வைத்திருக்கிறது அல்லவா? அதையெல்லாம் ஒரு கணினிக்குக் கொடுத்தால், ஐந்து வருஷம் கழித்து நாம் எப்படி இருப்போமோ அப்படி ஓர் ஆளைத் திரையில் கொண்டுவந்து உட்கார வைத்துவிடும். அந்த ஆள் நம் குரலிலேயே பேசுவார். மூட்டுவலி இருக்கிறதா, சர்க்கரை வந்துவிட்டதா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, எதைக் கேட்டாலும் சொல்வார். வியாதியை முன்கூட்டிக் கண்டுபிடிக்கத்தான் செய்தார்கள். நம் ஆட்கள் அதைக் கல்யாணப் பேச்சுக்குள் கொண்டுவர எத்தனை நாள் ஆகும்? என் பெரியம்மா மகளுக்கு நிச்சயம் ஆன இடத்தில் மாப்பிள்ளையின் நகல் பேசும்போது நாலு தடவை இருமியது. அதோடு சரி, தாம்பூலத்தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தங்கமான பையன்.

அன்றிலிருந்து நான் நகல் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நகல் எடுக்காத பெண்ணுக்கு உடம்பில் என்னமோ இருக்கிறது என்று ஊர் பேசியது. வந்த வரன் எல்லாம் வந்த வழியே போயிற்று. நாயகம் ஒருத்தர்தான் நகலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவ்வளவு பெரிய மனசு என்று நான் உருகிப்போனேன். பெரிய மனசும் இல்லை ஒன்றும் இல்லை; தன்னுடைய நகலைப் பார்க்க அவருக்குப் பயம் என்று இப்போது தெரிந்தது.

"டாக்டர்ட்ட போனீயளா?"

"போனேன். ஒண்ணும் இல்லன்னு சொல்லுதாவ."

"பிறகு என்ன?"

"அவங்க அப்படித்தான் சொல்லுவாவ. நகலைக் கேட்டாத்தான் நிச்சயமாத் தெரியும். தனியா போக முடியல, மொழி. நீ கூட வாறியா?"

போகவே மாட்டேன் என்று சபதம் போட்ட இடத்துக்கு அவருக்காகப் போனேன்.

நகல் நிலையத்தில் ஜெபசெல்வி என்று ஒரு டாக்டர். நரைத்த தலை, சிரித்த முகம், ஆனால் பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. நாயகத்தின் தலையைப் படம் எடுத்ததும் அவர்தான்.

"உங்களுக்கு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். "மூக்குக்கு ரெண்டு பக்கமும் எலும்புக்குள்ள சின்னச் சின்னக் காத்தறை இருக்கு. அதுல சளி அடைச்சிருக்கு. குனிஞ்சா அழுத்தும், வலிக்கும். ஆவி பிடிங்க, தந்த மருந்தைப் போடுங்க. வேற ஒண்ணும் கிடையாது."

"படத்துல தெரியாத மாதிரி ஏதாவது ஒளிஞ்சிருக்கலாம்லா டாக்டர்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். இந்த ஆளையா கட்டிக்கப் போற என்று கேட்கிற பார்வை. ஆமாம் என்று நானும் பார்வையிலேயே சொன்னேன்.

"சரி, நகலையே கேளுங்க" என்றார். "ஆனா ஒண்ணு, இது ஜோசியம் இல்ல. இப்ப நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே அஞ்சு வருஷம் இருந்தா என்ன ஆகும்ங்கிற கணக்கு. உடம்பு மட்டும்தான் கணக்கு. வீடு, பிள்ளைகுட்டி எல்லாம் நீங்க சொல்லுற ஆசையை வெச்சு அதுவா நிரப்பிக்கிடும். பிள்ளை வேணுமா?"

நாயகம் என்னைப் பார்த்துவிட்டு, "ஒரு பொண்ணு" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"பட்டையைக் கையில இருந்து கழட்டாதீங்க. அது அனுப்பிக்கிட்டே இருக்கும், இங்க கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க மாறினா அதுவும் மாறும். போன மாசம் ஒருத்தர், இனிமே எண்ணெய்ப் பலகாரமே தொடமாட்டேன்னு நகல் முன்னாடி சத்தியம் பண்ணினாரு. மனசாரச் சொன்னா உடம்பு காட்டிக் குடுத்துரும், பட்டைக்குத் தெரிஞ்சிரும். கண் முன்னாலேயே பழைய நகல் போயி, தொப்பை இல்லாம வேற ஒருத்தர் வந்து உக்காந்துட்டாரு."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "பழையவர் எங்க போவாரு டாக்டர்?"

டாக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. "எங்கயும் போகமாட்டாரு. இருக்கமாட்டாரு" என்றார்.

"அது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். எங்களுக்கே அது ஒரு உறுத்தல்தான். ஆனா மறைச்சு வெச்சா அது பேசுறதுல உண்மை இருக்காது."

உள்ளே சின்ன அறை. எங்களுக்கு இரண்டு நாற்காலி, எதிரே சுவர் உயரத்துக்குத் திரை. டாக்டர் பக்கத்தில் இருந்த கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். விளக்கு மங்கியது. திரையில் ஒரு நாற்காலியில் நாயகம் உட்கார்ந்திருந்தார். தொப்பை விழுந்திருந்தது. முன் மண்டையில் பாதிக்கு மேல் வெளிச்சம். கழுத்து மட்டும் விறைப்பாக, தலையில் குடம் இருக்கிற மாதிரி நேராக நின்றது.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்ன, பாதி முடியைக் காணும்?" என்று கேட்டே விட்டேன்.

"மொழி, நீ கொஞ்சம் சும்மா இரேன்" என்றார் திரையில் இருந்தவர். அதட்டல் இல்லை. ஐந்து வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய அலுப்பும் பிரியமும் அந்தக் குரலில் இருந்தன. நான் வாயை மூடிக்கொண்டேன்.

என் பக்கத்தில் இருந்தவருக்குத் தன்னைத் தானே எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமினார். கடைசியில் வயதுக்கு மரியாதை கொடுத்துத் தொடங்கினார்.

"அண்ணாச்சி… தலைவலி எப்படி இருக்கு?"

"தலைவலியா? அது போயி அஞ்சு வருஷம் ஆச்சு, தம்பி."

நாயகம் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "கேட்டியா மொழி? கேட்டியா?" என்றார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

"என்ன மருந்து சாப்பிட்டீய அண்ணாச்சி?"

"மருந்து ஒண்ணும் இல்ல. குனியுறது இல்ல. அவ்வளவுதான்."

காப்பிக்குச் சீனி போடுவதில்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். என் ஆளுக்கு அதிலும் சந்தோஷம்தான். "பார்த்தியா மொழி, நான் சொன்னேம்லா? முக்காலி போதும்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் பாதியாகக் குறைந்தது. திரையைப் பார்த்துக் கேட்டேன்.

"அப்ப எனக்கு மெட்டி யாரு போட்டா?"

"எங்க அக்கா போட்டுச்சு. மேசை, முக்காலி ஒண்ணும் உங்க வீட்டுல ஒத்துக்கிடல. அக்கா குனிஞ்சு உன் காலைத் தூக்கி அம்மியில வெச்சுப் போட்டுச்சு. நான் பக்கத்துல நின்னேன்."

"நான் ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லல. சிரிச்ச."

என்னை எனக்குத் தெரியாதா? ஏசாமல் கொள்ளாமல் நான் சிரித்தேன் என்றால் அது நல்ல சிரிப்பு இல்லை. ஒருத்தி வாழ்நாள் முழுக்கக் குனிந்து பெருக்கி, குனிந்து கோலம் போட்டு, குனிந்து பரிமாறப் போகிறாள். அவள் காலடியில் அவன் குனிகிற ஒரே நேரம் அது. அதற்கும் ஆள் வைத்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"பிள்ளை இருக்கா அண்ணாச்சி?" என்று நாயகம் கேட்டார். குரலில் இன்னும் உற்சாகம் குறையவில்லை.

"இருக்கா. ரெண்டு வயசு தாண்டிட்டு. மொழியை மாதிரியே வாய்." திரையில் இருந்தவர் முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "நடக்க ஆரம்பிச்ச புதுசுல ரெண்டு கையையும் தூக்கிட்டு எம்முன்னால வந்து நிப்பா. இரும்மா, அப்பா நாற்காலியில உக்காந்து தூக்குதேன்னு சொல்லுவேன். நான் நாற்காலிக்குப் போறதுக்குள்ள அவ அம்மாட்ட ஓடிருவா. இப்ப எங்கிட்ட வந்து கையைத் தூக்குறது இல்ல."

நாயகம் என் கையை விட்டுவிட்டார். தன் கையைத் தானே பிசைந்துகொண்டு இருந்தார்.

"அண்ணாச்சி, வலிச்சா வலிச்சிட்டுப் போகுதுன்னு ஒரு தடவையாவது குனிஞ்சு பார்த்திருக்கலாம்லா?" என்றார் மெதுவாக.

"நீ குனிஞ்சியா தம்பி? நீ குனியாமத்தானே நான் இப்படி வந்து உக்காந்திருக்கேன்."

"எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி."

"எனக்கும்தான். உனக்கு இருக்கிற அதே பயம், அஞ்சு வருஷம் சோறு போட்டு வளர்த்திருக்கேன். தும்மினா பயம், கொட்டாவி விட்டா பயம்." அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். "டாக்டர் படம் எடுத்து ஒண்ணும் இல்லன்னு சொல்லியாச்சு. நான் இன்னும் உயிரோட இருக்கேன். கட்டி இருந்தா இருப்பேனா? இதுக்கு மேல உனக்கு என்ன சாட்சி வேணும்? இப்பக் குனி. இங்கயே குனி."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து டாக்டரின் குரல் வந்தது. "அவர் மனசாரக் குனிஞ்சா கணக்கு மாறிரும். அது உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும் டாக்டர்" என்றார் திரையில் இருந்தவர்.

என் ஆளுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்தே விட்டார். "நான் குனிஞ்சா நீங்க…"

"இருக்கமாட்டேன்."

"பயமா இல்லியா?"

"இல்லாம? வேர்த்துக் கொட்டுது பாரு." நிஜமாகவே நெற்றியில் வேர்வை வழிந்தது. துடைத்துக்கொண்டார். "செத்துருவோமோ செத்துருவோமோன்னு ஆயுசு பூரா நடுங்கினவன்ட்ட வந்து கேக்குற கேள்வியா இது? பேசிக்கிட்டே நிக்காத தம்பி. சீக்கிரம் குனி. எனக்கு மனசு மாறிரும்."

"எதுக்கு இப்படி?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அவ அப்பாட்ட வந்து கையைத் தூக்கணும், மொழி."

இந்த மனுஷனையா பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். அவரிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது. ஐந்து வருஷம் என்னோடு இருந்தவர், நான் அவரோடு ஒரு நாளும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் என்ன சொல்லி விடைபெறுவது? "போயிட்டு வாங்க" என்றுதான் வாயில் வந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

நாயகம் என் முன்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் நின்றபடியே இருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஆற்றில் குதிக்கிறவர் மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்து, குனிந்தார். முழங்கால் தரையில் மோதிய சத்தம் கேட்டது. என் செருப்பைக் கழற்றினார். பாதத்தைக் கையில் எடுத்தார்.

"எந்த விரல்?"

"கட்டை விரலுக்கு அடுத்தது. அதுகூடத் தெரியாதா?"

"தெரியும். பதட்டத்துல மறந்துட்டு." அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். "வலிக்கு மொழி."

"ரொம்பவா?"

"நல்லா வலிக்கு." கொஞ்சம் யோசித்தார். "ஆனா நான் நினைச்ச அளவுக்கு இல்ல."

நிமிரவில்லை. நான் திரையைப் பார்த்தேன். நாற்காலியில் இருந்தவர் இந்தப் பக்கம் நடப்பது சரியாகத் தெரியவில்லை என்று முன்னால் சாய்ந்தார். இன்னும் சாய்ந்தார். ஐந்து வருஷமாக விறைத்து நின்ற அந்தக் கழுத்து வளைந்து, தலை கீழே வந்தது. "அட, ஆமா" என்றார். அவ்வளவுதான், நாற்காலி காலியாக இருந்தது.

நான் அழுதேன். கீழே இருந்தவர் விரலை விடாமல், "ஏன் அழுத? அவரு போயிட்டாரா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவரும் அழுதார். குனிந்தபடி அழுததால் வலி கூடியிருக்கும், ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

திரையில் மறுபடி ஓர் ஆள் வந்தார். முடி அதே அளவுக்குத்தான் போயிருந்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது போலிருக்கிறது. தொப்பை குறைவு. தோளில் ஒரு சின்னத் துண்டு, அதில் பால் கறை. இரண்டு விரலால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி" என்றார் நாயகம் தரையிலிருந்து. "தலைவலி இருக்கா?"

"இருக்கு தம்பி. சளி பிடிச்சா வரும், போகும். ஏன் கேக்குத? உனக்கும்…"

பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு அவர் கீழே பார்த்தார். அவருடைய முழங்கால் உயரத்தில், எங்களுக்குத் தெரியாத இடத்தில், யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது. முகம் மலர்ந்துபோயிற்று. "இரு தம்பி, கூப்பிடுதா" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார். குனிந்து திரைக்குக் கீழே போய்விட்டார்.

நாங்கள் காத்திருந்தோம். திரையில் நாற்காலியும் சுவரும்தான் தெரிந்தன.

"நேரம் ஆயிட்டு. நிறுத்திரவா?" என்று டாக்டர் கேட்டார்.

"கொஞ்சம் இருக்கட்டும் டாக்டர்" என்றேன். நாயகம் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ரொம்ப நேரம் ஆகியும் அந்த ஆள் நிமிரவில்லை.